தங்கப் படலமும் கடைமடைத் தண்ணீரும்

சென்ற சம்பா பருவத்தில், எங்கள் கல்லூரியில் முதுகலை இயற்பியல் படிக்கும் மாணவி ஒருவர் மூன்று பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். ஒன்று அவருடைய ஊர் வாய்க்காலில் மொண்டது. இன்னொன்று வீட்டுப் போர் தண்ணீர். மூன்றாவது, பூச்சிமருந்து அடித்த இரண்டாம் நாள் வயலின் வடிகாலில் பிடித்தது. அவருடைய ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்றே திறந்தாலும் மேல்மடை வயல்களெல்லாம் குடித்து மிஞ்சியதுதான் அவர்களுக்கு வரும். மேலே கரைந்து கலந்தவை எல்லாமும் அதனுடனேயே வரும். "சார், இதுல என்ன கலந்திருக்குன்னு நம்ம கருவியில பார்க்க முடியுமா?" என்று கேட்டார். உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. ஏறக்குறைய ஓராண்டு வேலை செய்தபிறகு இப்போது சொல்ல முடிகிறது.

அவர் 'நம்ம கருவி' என்று சொன்னது, எங்கள் மாணவர்கள் பழைய நிறமாலைமானியின் சுழல்மேடையை வைத்துச் சேர்த்துக் கட்டிய ஒன்று. ஒரு ஹீலியம்–நியான் லேசர், ஒளியின் மின்புலத்தை ஒரே திசையில் மட்டும் ஆடவைக்கும் ஒரு தளவிளைவாக்கி, அரை உருளை வடிவக் கண்ணாடி, அதன் தட்டையான முகத்தில் எண்ணெய்த் துளி கொண்டு ஒட்டிய கண்ணாடிச் சில்லு, அந்தச் சில்லின் மறுபுறம் பூசிய தங்கப் படலம், எதிரொளித்து வரும் ஒளியை அளக்க ஒரு ஃபோட்டோடையோடு ஆகியவைதான் அதன் உறுப்புகள். மேடையை மெல்லத் திருப்பினால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும், முழுமையாகத் திரும்பி வரவேண்டிய ஒளி ஏறக்குறைய முழுவதும் காணாமல் போய்விடும். மேற்பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான்.

ஒளி எங்கே போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் தளும்பும் நீர்போலக் கட்டின்றி இருக்கின்றன. அந்த நீரின் மேல்மட்டத்தில் அலை ஓடுவதுபோல, உலோகத்தின் விளிம்பை ஒட்டியே எலெக்ட்ரான்கள் செறிந்தும் விலகியும் ஓர் அலை ஓட முடியும். அதுவே மேற்பரப்புப் பிளாஸ்மான். ஆனால் அதே அதிர்வெண் கொண்ட ஒளியின் அலைநீளத்தைவிட இந்த அலையின் அலைநீளம் குறைவு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று இறைகூடையால் தண்ணீர் இறைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இருவர் வீச்சும் ஒத்துப்போனால்தான் கூடை நிறைந்து மேலேறும், இல்லையென்றால் தண்ணீர் வழியிலேயே சிந்திவிடும். காற்றின் வழியாக நேரே வந்து விழும் ஒளிக்கும் பிளாஸ்மானுக்கும் அந்த வீச்சு, அதாவது பரப்பை ஒட்டிய அலைநீளம், ஒருபோதும் ஒத்துப்போவதில்லை. ஒளியைக் கண்ணாடிக்குள் செலுத்தி வேகத்தைக் குறைத்து, முழு அக எதிரொளிப்பு நிகழும் கோணத்தில் தங்கத்தின் அடிமுகத்தில் மோதவிட்டால், ஒளி எதிரொளித்துத் திரும்பினாலும் அதன் மின்புலத்தின் ஒரு பகுதி படலத்தை ஊடுருவி மேல்முகத்தைத் தொடுகிறது. பரப்பின் திசையில் ஒளியின் வீச்சும் பிளாஸ்மானின் வீச்சும் இணையும் கோணம் ஒன்றே ஒன்று. அந்தக் கோணத்தில் ஒளியின் ஆற்றல் எலெக்ட்ரான்களிடம் போய் வெப்பமாக முடிந்துவிடுகிறது.

தங்கம் ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். அதைவிட மெல்லியதாக இருந்தால் பிளாஸ்மான் கண்ணாடிப் பக்கமே கசிந்து வெளியேறி, பள்ளம் (கோணத்தோடு ஒளிச்செறிவை வரைந்தால் அந்த ஒரு கோணத்தில் தெரியும் தாழ்வு) அகன்று ஆழம் குறைந்து போகும். தடித்துவிட்டால் ஒளியின் புலம் மறுபக்கத்தை எட்டுவதே இல்லை. 50 நானோமீட்டர் என்றால் இருநூறுக்குச் சற்று மேற்பட்ட அணு அடுக்குகள்தான். மாணவர்களுக்கு நான் வேறு ஒரு கணக்கும் போட்டுக் காட்டுவது வழக்கம்: ஒரு சவரன் தங்கத்தை இந்தத் தடிமனில் பரப்பினால் 8 சதுர மீட்டருக்கு மேல் வரும். நம் பக்கத்து வழக்கில் சொன்னால், அரைக் குழி நிலத்தைச் சவரன் ஒன்றால் மூடிவிடலாம். உண்மையில் வெற்றிடக் கலத்துக்குள் ஆவியாக்கும்போது பெரும்பகுதி கலத்தின் சுவரில்தான் போய்ப் படிகிறது என்பதால் இந்தக் கணக்கு கணக்காக மட்டுமே நிற்கும். நகைக்கான 22 காரட் தங்கமும் இதற்கு ஆகாது. அதிலுள்ள செம்பும் வெள்ளியும் படலத்தின் ஒளியியல் பண்பை மாற்றிவிடும், 99.99 விழுக்காடு தூய கம்பிதான் வேண்டும். பத்தர் உரைகல்லில் தங்கத்தை உரைத்து மாற்றுப் பார்ப்பார். எங்கள் மேடையில் தங்கமே உரைகல்லாகக் கிடக்கிறது, தன்மேல் வந்து படும் பொருளை அதுதான் உரைத்துப் பார்க்கிறது.

முதல் நாள் பள்ளமே தென்படவில்லை. இரண்டு மணி நேரம் மேடையைத் திருப்பியும் ஒளி குறையவே இல்லை. பிறகுதான் தளவிளைவாக்கி 90 பாகை தவறி நின்றதைக் கவனித்தோம். ஒளியின் மின்புலத்துக்குப் பரப்பின் செங்குத்துத் திசையில் ஒரு கூறு இருந்தால்தான் பரப்பில் மின்னூட்டம் செறியவும் விலகவும் முடியும். பரப்புக்கு இணையாக மட்டும் ஆடும் புலத்தால் பிளாஸ்மானை எழுப்ப இயலாது. தளவிளைவாக்கியைத் திருப்பியதும், சுவரில் விழுந்த சிவப்பு ஒளிவட்டத்தின் குறுக்கே கருங்கோடு ஒன்று தெளிவாக எழுந்து நின்றது. வெறும் காற்றில், எங்கள் கண்ணாடிக்கு, அது 44 பாகையை ஒட்டி வரவேண்டும்; அங்கேதான் வந்தது. ஒரு மாணவர் படலத்தின் மேல் மெல்ல மூச்சு விட்டார். மூச்சின் ஈரம் படிந்ததும் கோடு நகர்ந்தது. உலர்ந்ததும் திரும்பி வந்தது. பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் எனக்கே அன்றுதான் இது கண்ணால் கண்ட உண்மையாக ஆனது.

இந்தக் கருங்கோட்டை முதலில் கண்டவர் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வுட். 1902இல் நெருக்கமாக நுண்கோடுகள் கீறிய உலோகக் கீற்றணியில் ஒளியைச் சிதறவிட்டுப் பார்த்தபோது, நிறமாலையில் விளக்க முடியாத இருண்ட பட்டைகள் சில, குறிப்பிட்ட தளவிளைவில் மட்டும் தோன்றின. உலோகப் பரப்பில் இப்படிப்பட்ட எலெக்ட்ரான் அலை இருக்க முடியும் என்று ரூஃபஸ் ரிச்சி கணக்கிட்டுச் சொன்னது 1957இல். கண்ணாடி முப்பட்டகத்தால் அதை எழுப்பும் வழியை 1968இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஓட்டோ ஒரு விதமாகவும், எர்வின் கிரெட்ச்மனும் ஹைன்ஸ் ரேதரும் இன்னொரு விதமாகவும் காட்டினார்கள். எங்கள் மேடை இரண்டாவது விதம். இதையே உணரியாகப் பயன்படுத்தி, வாயுக்களையும் புரதங்களின் பிணைப்பையும் அளக்கலாம் என்று 1983இல் ஸ்வீடன் நாட்டு லின்ஷோப்பிங் நகரத்தில் லீட்பெர்க், நைலாண்டர், லுண்ட்ஸ்ட்ரோம் ஆகிய மூவர் காட்டினார்கள். 1990இல் இம்முறையில் இயங்கும் பயாகோர் என்ற கருவி விற்பனைக்கு வந்தது. மருந்து ஆராய்ச்சிக் கூடங்களில், ஒரு மருந்து மூலக்கூறு ஒரு புரதத்தோடு எவ்வளவு வேகமாக ஒட்டுகிறது, எவ்வளவு வேகமாக விடுகிறது என்பதை, எந்தச் சாயமும் ஏற்றாமல் நேரே பார்க்க இன்றும் இவ்வகைக் கருவிகளே பயன்படுகின்றன.

மாணவியின் பாட்டில்களுக்கு வருகிறேன். போர் தண்ணீரின் உப்பை இந்தக் கருவி காட்டும். தூய நீரில் பள்ளம் 73 பாகையை ஒட்டி வரும். நூற்றில் ஒரு பங்கு உப்பு கரைந்தால் நீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 0.0017 கூடி, பள்ளம் கால் பாகைக்குச் சற்று அதிகமாக நகரும். கல்லுப்பை எடைபோட்டுக் கரைத்து நாங்கள் செய்த அளவீடும் அப்படியே வந்தது. அந்த அளவீட்டின் நடுவில்தான் எங்கள் முதல் படலம், உப்புநீர் ஓடிய இருபதாவது நிமிடத்தில், சருகுபோல உரிந்து நீரோடு போய்விட்டது. தங்கம் கண்ணாடியை நேரடியாகப் பிடித்து நிற்காது. இரண்டு அல்லது மூன்று நானோமீட்டர் குரோமியமோ டைட்டானியமோ அடியில் பூசவேண்டும். படலம் பூசித் தந்த இடத்தில் அந்த அடிப்பூச்சை விட்டுவிட்டார்கள் என்பது விசாரித்தபிறகு தெரிந்தது. ஆனால் உப்பை அறிவதற்கு மட்டும் இத்தனை பாடு தேவையில்லை. மின்கடத்துத்திறன் மானி ஒன்றைத் தண்ணீரில் தோய்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் விடை அது. எளிய கருவி இருக்கும் இடத்தில் நுட்பமான கருவியைக் கொண்டுவந்து நிறுத்துவது ஆராய்ச்சிக்கு அழகில்லை என்று அந்த மாணவியிடம் சொன்னேன். அவரும் அந்தப் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டார்.

வடிகால் தண்ணீரில்தான் உண்மையான சிக்கல் இருந்தது. பிளாஸ்மானின் புலம் நீருக்குள் ஏறக்குறைய 200 நானோமீட்டர் ஆழத்துக்குள் மங்கிவிடும். அந்த மெல்லிய அடுக்குக்குள் எது வந்தாலும், எது மாறினாலும், பள்ளம் நகரும். வந்தது பூச்சிமருந்தா, களிமண் துகளா, அழுகிய வைக்கோலிலிருந்து கரைந்த கரிமப் பொருளா என்பதைப் பள்ளம் சொல்லாது. நகர்வின் அளவை மட்டுமே சொல்லும். வடிகட்டிய வடிகால் நீரை முதன்முதலாக ஓடவிட்டபோது பள்ளம் ஒரு மணி நேரம் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. கரைந்திருந்த ஏதேதோ தங்கத்தில் படிந்தபடி இருந்தன.

ஆகவே தங்கத்துக்குத் தேர்ந்தெடுக்கும் குணத்தைக் கொடுக்க வேண்டும். கந்தகத் தலையுள்ள நீண்ட மூலக்கூறுகள் தங்கத்தின்மேல் நாற்றங்கால் பயிர்போல நெருக்கமாக நின்றுகொள்ளும்; அவற்றின் மறுமுனையில், குறிப்பிட்ட பூச்சிமருந்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைக் கட்டலாம். பாடநூல் இத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அளவைப் போட்டுப் பார்த்தால்தான் இடர் புலப்படும். ஓர் ஆன்டிபாடியின் மூலக்கூறு எடை 1,50,000 என்றால், பூச்சிமருந்துகளின் எடை பெரும்பாலும் சில நூறுகளே. ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு நானோகிராம் புரதம் படிந்தால் பள்ளம் ஏறத்தாழ 0.1 பாகை நகரும். அந்த ஆன்டிபாடி ஒவ்வொன்றும் 300 எடையுள்ள மருந்து மூலக்கூறுகள் இரண்டைப் பிடித்தாலும் கூடுதல் நகர்வு 0.0004 பாகைதான். எங்கள் சுழல்மேடையின் வெர்னியர் காட்டும் மிகச் சிறிய அளவு ஒரு கலை, அதாவது 0.017 பாகை. தேடும் குறி அதில் நாற்பதில் ஒரு பங்கு!

இதைவிடக் கடுமையான பாடம் வெயில் காலத்தில் கிடைத்தது. பயிற்சிக்காக ஆல்புமின் என்ற புரதக் கரைசலை ஓடவிட்டு, கோணத்தைப் பள்ளத்தின் செங்குத்தான சரிவில் நிறுத்தி, ஒளிச்செறிவு காலத்தோடு மாறுவதைப் பதிவுசெய்துகொண்டிருந்தோம். பகலில் மின்சாரம் போய், அறை வெந்துகிடந்தது. மின்சாரம் திரும்பி, குளிர்சாதனமும் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் புரதத்தைச் செலுத்தினோம். வரைகோடு முதலில் விரைவாக ஏறி, பிறகு மெல்ல வளைந்து, கடைசியில் சமமாகப் படுத்தது. புத்தகத்தில் புரதப் பிணைப்புக்குக் காட்டப்பட்டிருக்கும் வடிவமே அது. மாணவர்கள் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். மறுநாள், எதையும் சேர்க்காத வெறும் நீரை வைத்து, குளிர்சாதனத்தை அணைத்துப் போட்டு மீண்டும் பார்த்தோம். அதே வரைகோட்டின் பெரும்பகுதி வந்துவிட்டது. அறை வெப்பநிலையை ஒட்டி, நீர் ஒரு பாகை செல்சியஸ் குளிர்ந்தால் அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 0.0001 கூடும். எங்கள் அமைப்பில் அது ஒரு கலை அளவு நகர்வு. ஐந்து பாகை குளிர்ந்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறக்குறைய 0.8 நானோகிராம் புரதம் படிந்ததற்கு நிகரான நகர்வு வந்துவிடும். குளிரும் பொருள் வெப்பத்தை இழக்கும் வரைகோடும், பரப்பில் புரதம் நிரம்பும் வரைகோடும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அந்த ஒரு நாளின் தவறை என் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவைத்திருக்கிறேன். புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் முதலில் காட்டுவது அந்தப் பக்கம்தான்.

பொருளறிவியல் ஆய்வில் இதே கூருணர்வு குறையாக இல்லாமல் பெரும் துணையாக நிற்கிறது. ஒரு பாலிமரின் மெல்லிய படலத்தைத் தங்கத்தின்மேல் சுழற்றிப் பூசினால், பள்ளம் நகர்ந்த அளவிலிருந்து சில நானோமீட்டர் தடிமனைக்கூட அறியலாம். ஆனால் அந்த நகர்வில் தடிமனும் ஒளிவிலகல் எண்ணும் பின்னிக்கிடக்கின்றன. ஒரே ஓர் அளவீட்டைக்கொண்டு இரண்டையும் பிரிக்க இயலாது. இரண்டு நிற லேசர்களில் அளக்க வேண்டும், அல்லது காற்றில் ஒருமுறையும் நீரில் ஒருமுறையும் அளக்க வேண்டும். நீரில் ஊறிப் பருக்கும் பாலிமராக இருந்தால் இரண்டாம் வழியும் ஏமாற்றிவிடும். பள்ளத்தின் அகலமோ உலோகத்தைப் பற்றியே பேசும்: படலம் சொரசொரப்பாக இருந்தால் அது அகன்றுவிடும். வெள்ளிப் படலத்தில் பள்ளம் தங்கத்தைவிடக் கூர்மையாக வரும், ஆனால் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதுபோல அதுவும் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுத்துப்போகும். அதனால்தான் வெள்ளியின்மேல் மெல்லிய தங்கத்தையோ, ஓரணுத் தடிமன் கரிப் படலமான கிராஃபீனையோ போர்த்திப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன. மிகுந்த வெப்பம் தாங்க வேண்டிய இடங்களுக்கு டைட்டானியம் நைட்ரைடும் ஆராயப்படுகிறது.

படலமாக இல்லாமல் துகளாக இருக்கும் தங்கத்தை நம்மில் பலர் கையில் வைத்துப் பார்த்திருக்கிறோம். வீட்டிலேயே செய்யும் கர்ப்பப் பரிசோதனை அட்டையிலும், கொரோனா காலத்துப் பரிசோதனை அட்டைகள் பலவற்றிலும் தோன்றும் சிவப்புக் கோடு, நானோமீட்டர் அளவுத் தங்கத் துகள்களின் நிறம். துகள் இப்படிச் சிறுத்துவிட்டால் எலெக்ட்ரான்களின் ஆட்டம் அதற்குள்ளேயே அடங்கி, 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குச் சிவப்பு எஞ்சுகிறது. இந்தச் சிவப்புத் தங்கக் கரைசலைப் பற்றி மைக்கேல் ஃபாரடே 1857இலேயே ஆராய்ந்து எழுதினார். அந்த நிறத்துக்கான கணக்கை 1908இல் குஸ்டாவ் மீ தந்தார். மின்சாரமும் சுழல்மேடையும் இல்லாமல் வயல் வரப்பிலேயே வைத்துப் பார்க்கக்கூடிய உணரி ஒன்று வருமானால், அது இந்த வழியில்தான் முதலில் வரும் என்பது என் கருத்து.

இன்னொரு வழியும் உண்டு. அதைச் சொல்லும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டாகும், ஏனெனில் அதன் வேர் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் திருவானைக்காவலில் 1888இல் பிறந்தவரிடம் போய்ச் சேர்கிறது. சி. வி. ராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதற்கே உரிய கைரேகையைத் தரும். ஆனால் மிகமிக மங்கலானது. 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஃபிளைஷ்மன் குழுவினர், சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் ஒட்டிய பிரிடின் என்ற சேர்மத்தின் ராமன் குறி வியக்கத்தக்க வலுவோடு வருவதைக் கண்டார்கள். அது வெறும் பரப்பளவு கூடியதால் வந்ததில்லை என்பதும், குறி இலட்சம் மடங்கு அளவில் பெருகுகிறது என்பதும் 1977இல் வெளியான ஆய்வுகளில் தெளிவாயின. வெள்ளிப் பரப்பின் பிளாஸ்மான் அங்குள்ள மின்புலத்தைச் செறிவாக்குவதே அதற்கு முதன்மையான காரணம். எங்கள் மேடை 'ஏதோ வந்திருக்கிறது' என்று நிறுத்திக்கொள்ளும் இடத்தில், இது 'வந்தது இன்னது' என்று சொல்லும். கந்தகம் உள்ள பூச்சிமருந்துகள் வெள்ளியோடு தாமே ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கு இது மிகவும் பொருந்தும். எங்களிடம் ராமன் நிறமாலைமானி இல்லை. மாணவியின் மூன்றாவது பாட்டிலில் பாதியை, அது இருக்கும் வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

மீதிப் பாதிக்கு எங்கள் மேடையிலேயே வழி தேடுகிறோம். சிறிய மூலக்கூறை நேரே எடைபோடுவதை விட்டுவிட்டு, போட்டி முறைக்கு மாறியிருக்கிறோம். மருந்தின் மூலக்கூறையே தங்கத்தின்மேல் நட்டுவைத்துவிட்டு, தெரிந்த அளவு ஆன்டிபாடியை வடிகால் தண்ணீரோடு கலந்து ஓடவிட வேண்டும். தண்ணீரில் மருந்து இல்லையென்றால் ஆன்டிபாடிகள் எல்லாம் தங்கத்தில் நிற்பவற்றைப் பிடித்துப் பெரிய நகர்வைத் தரும். இருந்தால், வழியிலேயே கை நிறைந்துபோன ஆன்டிபாடிகள் பரப்பைத் தொடாமல் கடந்துவிடும். நகர்வு குறையக் குறைய மருந்து அதிகம் என்று பொருள். இப்போது கருவி எடைபோடுவது 1,50,000 எடையுள்ள பெரிய மூலக்கூறை.

வெப்பத்துக்கும் ஏற்பாடு செய்தாயிற்று. ஒரே படலத்தில் இரண்டு ஓடைகள் வெட்டி, ஒன்றில் மருந்து மூலக்கூறை நட்டும் மற்றொன்றை வெறுமையாக விட்டும், ஒரே தண்ணீரை இரண்டிலும் ஓடவிட்டு, வேறுபாட்டை மட்டும் எடுக்கிறோம். வெயிலும் குளிரும் இரண்டு ஓடைகளையும் ஒன்றாகவே நகர்த்தும், கழித்தால் போய்விடும். சென்ற வியாழக்கிழமை பகலில் மின்சாரம் போய்த் திரும்பியபோது மாணவியும் நானும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு கோடுகளும் சேர்ந்து இறங்கின, சேர்ந்து ஏறின. அவற்றின் வேறுபாட்டுக் கோடு நாற்பது நிமிடம் அசையாமல் கிடந்தது. "சார், இனிமே பாட்டிலைத் திறக்கலாமா?" என்று கேட்டார். திங்கட்கிழமை ஆன்டிபாடி வந்துசேரும் என்று சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் திறக்கலாம் என்று சொன்னேன்.